பெகோனியாக் கிழங்கின் ஆறு மாத உறக்கம்

அக்டோபர் பிறந்துவிட்டால் டொரண்டோவின் ஸ்காபரோ பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். கோடை முழுக்கப் பின்வளவில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிவந்து, வெயில் விழும் யன்னலோரமாக வைப்பார்கள். அதே வீட்டு முன்வாசலில் மே மாதம் வாங்கித் தொங்கவிட்ட பெகோனியாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் இரவு உறைபனி விழும். காலையில் தண்டு கருத்துக் குழைந்து தொங்கும். தொட்டியோடு குப்பைக்குப் போகும். அடுத்த மே மாதம் புதிதாக ஒன்று வாங்குவார்கள்.

இப்படி எறியப்படும் தொட்டிகள் பலவற்றில் மண்ணுக்குள் உயிரோடு ஒரு கிழங்கு இருக்கும். வேறு பலவற்றில் எதுவும் இருக்காது. அந்த வித்தியாசம் தெரியாததுதான் இந்த விஷயத்தில் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

பெகோனியாவைக் குளிர்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று தோட்டம் வைத்திருக்கும் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். கிழங்கைத் தோண்டி எடுத்துக் காய வை என்பார் ஒருவர். தோண்டாதே, தொட்டியோடு இருட்டில் போடு என்பார் மற்றவர். யன்னலோரம் வைத்தால் தை மாதத்திலும் பூக்கும் என்று மூன்றாமவர் சத்தியம் செய்வார். நான் ஒன்றுமே செய்யவில்லை, மண்ணிலேயே கிடந்தது, தானாக முளைத்துவிட்டது என்பார் நாலாமவர். நாலு பேரும் சொல்வது உண்மைதான். நாலு பேரிடமும் இருப்பது வேறு வேறு பெகோனியா. எந்தச் செடி என்று கேட்காமலே வைத்தியம் சொல்வதால்தான் இந்தப் பொருளில் நல்ல அறிவுரைகள்கூட வீணாகின்றன.

பெகோனியா என்பது ஒரு செடி அல்ல, ஒரு பெரும் குலம். பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலாளருமான சார்ல் ப்ளூமியே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரீபியன் தீவுகளில் இதைக் கண்டு, தனக்கு ஆதரவளித்த மிஷெல் பெகோன் என்ற அரசு அதிகாரியின் பெயரை வைத்தார். அன்று அவர் விவரித்தவை ஆறு இனங்கள். இன்று கணக்கு 2,000-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, ஆசியா என்று வெப்பமான நாடுகளின் ஈரக் காடுகளிலும் மலைப்பாறைகளிலும் இவை பரவியிருக்கின்றன. 1932-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமெரிக்க பெகோனியா சங்கம் இவற்றை வளரும் விதத்தை வைத்து எட்டு வகையாகப் பிரித்திருக்கிறது. வீட்டுத் தோட்டக்காரருக்கு எட்டும் வேண்டாம். மண்ணை விரலால் கிளறி, உள்ளே கிழங்கு இருக்கிறதா, தரையோடு படுத்து ஓடும் தண்டு இருக்கிறதா, வெறும் நார்வேர்தானா என்று பார்த்தால் போதும். குளிர்காலத்துக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

இவற்றில் கிழங்கு பெகோனியாவைத்தான் நின்று பார்க்க வேண்டும். ரோஜா அளவுக்கு அடுக்கு அடுக்காகப் பூப்பதும், தொங்கு தொட்டியில் ஆரஞ்சும் சிவப்புமாக வழிவதும் இதுதான். 1860-களில் லண்டனின் வீச் நர்சரிக்காகத் தென்னமெரிக்காவில் செடி சேகரித்த ரிச்சர்ட் பியர்ஸ், பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து இதன் மூதாதையரை அனுப்பினார். பொலிவியென்சிஸ் என்ற சிவப்பு இனம் ஒன்று. பியர்ஸின் பெயரையே பெற்ற மஞ்சள் இனம் ஒன்று. நர்சரிக்காரரின் பெயரைப் பெற்ற வீச்சியை இன்னொன்று. பியர்ஸ் 1868-இல் பனாமாவில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். இரண்டு ஆண்டு கழித்து அதே நர்சரியின் ஜான் சீடன் முதல் ஒட்டினத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் விற்கும் கிழங்கு பெகோனியாக்கள் எல்லாம் அந்தக் கைப்பிடி மலைச்செடிகளின் வாரிசுகள்தான்.

அந்த மலைச்சரிவுகளின் வானிலையைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி புரிந்துவிடும். பொலிவியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே மழைக்காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. மே பிறந்ததும் மழை ஓய்ந்து, ஆகஸ்ட் வரை வறட்சி, இரவுக்குளிரும் அப்போதுதான். பாறை இடுக்கில் வேர்விட்ட செடி, மழைக்காலத்தில் தழைத்துப் பூத்து விதை உதிர்த்துவிட்டு, தண்டையும் இலையையும் கைவிட்டுக் கிழங்குக்குள் அடங்கிவிடும். அதற்குத் தெரிந்த குளிர்காலம் காய்ந்த குளிர்காலம். கனடாவின் பனிப்பொழிவும் இங்கிலாந்தின் ஓயாத டிசம்பர் தூறலும் அதன் பரம்பரை நினைவில் கிடையாது. ஆகவே காப்பாற்றுவது என்று நாம் சொல்லும் வேலை முழுவதும், ஆண்டிஸின் ஒரு வறண்ட காலத்தை நம் வீட்டு மூலையில் ஏற்படுத்திக் கொடுப்பதுதான். போர்வை சுற்றுவது அல்ல. சேமிப்பில் சாகும் கிழங்குகளில் குளிரில் விறைத்தவற்றைவிட ஈரத்தில் அழுகியவையே அதிகம் என்பது இதை வைத்திருக்கும் எவரும் ஒப்புக்கொள்ளும் சங்கதி.

இதைப் புரிந்துகொள்ள ஆண்டிஸ் வரை போகவும் வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கிரெனாட்டா என்ற காட்டு பெகோனியா தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஈரப்பாறைகளில் முளைத்து, இளஞ்சிவப்பாகப் பூத்து, மழை போனதும் சிறு கிழங்காகச் சுருங்கிவிடுகிறது. அதே மலையின் நிழலான ஓடைக்கரைகளில் வளரும் மலபாரிகா என்ற இன்னொரு இனமோ கிழங்கு வைப்பதில்லை. ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். ஒரே மலை, ஒரே குலம், இரண்டு வாழ்க்கை. தொட்டிப் பெகோனியாக்களிலும் இதே பிரிவினைதான்.

கிழங்கு பெகோனியாவைத் தூங்கச் சொல்வது குளிர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் அறிவிப்பு வெளிச்சத்திலிருந்து வருகிறது. பகல் நீண்டிருக்கும் வரை செடி இலையும் பூவுமாக வளரும். பகல் சுமார் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், வகைக்கு வகை கொஞ்சம் முன்பின்னாக, சத்தைக் கீழே இறக்கிக் கிழங்கைப் பருக்கவைக்கும். டொரண்டோவில் அது ஆகஸ்ட் நடுவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. லண்டனில் இன்னும் பத்து நாள் கழித்து. பண்ணைகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் நாற்றுகளுக்கு மாலையில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவதும் இதனால்தான். இல்லாவிட்டால் சின்னஞ்சிறு நாற்றே இலை விடுவதை நிறுத்திவிட்டுக் கிழங்கு வைக்கப் போய்விடும். கிழங்கு பெகோனியாவை வீட்டுக்குள் கொண்டுவந்து யன்னலோரம் வைத்து, உரம் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிர்காலம் முழுக்கப் பூக்கவைக்க முயல்பவர்களுக்கு இது ஒன்றுதான் பதில்: அது தூங்கத் தீர்மானித்துவிட்டது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் அழுகலுக்குத்தான் உதவும்.

எப்போது எடுப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. பிரிட்டிஷ் தோட்டக் கையேடுகள் உறைபனி வருமுன் எடு என்கின்றன. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பல்கலைக்கழக விரிவாக்கத் துறைகள் தரும் குறிப்புகளில், முதல் லேசான உறைபனி இலையைக் கருக்கிய பிறகு எடுத்தால் போதும் என்றிருக்கும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இலை பச்சையாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் கிழங்குக்குச் சோறு இறங்குகிறது. அவசரப்பட்டுச் செப்டம்பரில் பிடுங்கினால் கிழங்கு நோஞ்சானாக இருக்கும். லேசான உறைபனி தழையைத்தான் கொல்லும், மண்ணுக்குள் இறங்காது. ஆனால் வானிலை அறிக்கை லேசு என்று சொன்ன இரவு கடும் உறைபனியாக மாறினால், தொங்கு தொட்டியின் கொஞ்ச மண் அடிவரை உறைந்துவிடும். தரையில் நட்டதற்கு அமெரிக்க வழி பொருந்தும். தொட்டியில் இருப்பதைப் பனி விழுமுன் தாழ்வாரத்துக்கோ வண்டிக் கொட்டகைக்கோ மாற்றி, தண்ணீரை நிறுத்தி, தானாக வாட விடுவதே சரி என்பது என் கட்சி.

வாடும் விதமும் கவனிக்க வேண்டியது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிரும். பிறகு சதைப்பற்றான அந்தத் தண்டு கணுவுக்குக் கணு கழன்று விழும். கடைசித் துண்டு கிழங்கின் தலையிலிருந்து சுத்தமாகப் பிரியும். தொட்டாலே போதும், கையோடு வந்துவிடும். பிரிந்த இடத்தில் வட்டமான, வெளிறிய, காய்ந்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்புதான் கிழங்கின் கதவு. பொறுமையில்லாமல் பச்சைத் தண்டை முறுக்கிப் பிடுங்கினால் அங்கே புண் உண்டாகும். தண்டின் அடியை ஒட்ட வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டாலும் ஆபத்துதான். மிச்சத் துண்டு குழகுழவென்று அழுகி, அழுகல் நேரே கிழங்குக்குள் இறங்கும். நீளமான தண்டு இடைஞ்சலாக இருந்தால் ஒரு சாண் விட்டு வெட்டலாம். மீதி தானாகக் கழலட்டும்.

வெளியே எடுத்த கிழங்கைக் கையில் வைத்துப் பார்த்தால், நம்மவருக்குச் சேனைக்கிழங்கின் குட்டி என்றுதான் தோன்றும். அதே பழுப்பு, அதே தட்டை வடிவம், மேல்பக்கம் அதே குழி. முளை அந்தக் குழியிலிருந்துதான் வரும்; உருண்ட பக்கம் அடி. சுற்றிலும் நூல் வேர்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் நல்லது. லேசாகச் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. எங்காவது ஓரிடம் விரலுக்கு அமுங்கினால், கூரான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தில் கந்தகத் தூள் தடவிக் காயவிடலாம். கந்தகம் பழைய காலத்து மருந்து. மேற்புறத்துப் பூஞ்சையைத் தடுக்கும். உள்ளே புகுந்த அழுகலை அது ஒன்றும் செய்யாது.

கிழங்கைத் தண்ணீரில் கழுவலாமா என்பது இன்னொரு பழைய வழக்கு. கழுவினால் பூச்சி தெரியும், பழைய மண் போகும் என்பது கழுவுவோர் வாதம். ஆனால் மண்ணைக் காயவைத்து விரலால் உதிர்த்தாலும் இவை இரண்டும் நடக்கும், குழிக்குள் தண்ணீரும் தங்காது. அப்புறம் எதற்குக் கழுவுவது? எடுத்த கிழங்கை நிழலில், காற்றோட்டத்தில், ஒன்றோடொன்று உரசாமல் பரப்பி இரண்டு மூன்று வாரம் காயவிட வேண்டும். பலரும் அவசரப்படும் கட்டம் இது. மேல்தோல் காயாமல் மூட்டை கட்டியவை மார்கழியிலேயே நாற ஆரம்பிக்கும்.

வைக்கும் இடம் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். காகிதத்தில் எழுத எளிது. இன்றைய கனடிய வீட்டில் அந்த 10 டிகிரியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அந்தக் காலத்து வீடுகளின் கல் நிலவறை இயல்பாகவே அந்த அளவில் நின்றது. இப்போது பேஸ்மென்ட் என்பது இன்னொரு குடும்பம் வசிக்கும் வீடு. ஹீட்டர் ஓடும், 20 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் கிழங்கு ஒன்று வற்றிக் கொட்டையாகும், அல்லது ஜனவரியிலேயே வெளிறிய முளையை நீட்டும். வீட்டை ஒட்டிய கராஜ், வெளிச்சுவரோரத்து அலமாரி, முன்வாசல் படிக்குக் கீழே சில வீடுகளில் இருக்கும் குளிர் அறை ஆகியவை பொருத்தமானவை. ஐந்து டாலருக்கு ஒரு வெப்பமானி வாங்கி ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்ப்பது, இணையத்தில் பத்து மணி நேரம் படிப்பதைவிடப் பயன் தரும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்: சூட்டின் அளவு கீழ்வரம்பிலேயே நிற்கும், காற்று அடைபட்டு ஈரம் தேங்கும், குழந்தைகள் காய்கறி என்று நினைத்து எடுப்பதும் உண்டு. பெகோனியாக் கிழங்கில் ஆக்சலேட் உப்புகள் இருப்பதால் அது நச்சுத்தன்மை உள்ளது. நாய் பூனை உள்ள வீட்டிலும் எட்டாத இடம்தான் நல்லது.

எதில் பொதிந்து வைப்பது? நூறாண்டுக்கும் மேலாக ஐரோப்பியர் காய்ந்த பீட் பாசியில் வைத்தார்கள். மரத்தூள், மணல், வெர்மிகுலைட், செய்தித்தாள் என்று வேறு பலவும் புழக்கத்தில் உண்டு. பீட் வெட்டி எடுப்பதால் சதுப்பு நிலங்கள் அழிகின்றன என்ற எதிர்ப்பு வலுத்த பிறகு அந்த இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்திலும் இலங்கையிலும் மலையாகக் குவிந்து கிடந்த கழிவுதான், அழுத்திய கட்டியாகக் கப்பலேறி, மேற்கத்திய நர்சரிகளில் விலைக்கு விற்கிறது. கட்டியை நனைக்காமல், உடைத்து உதிர்த்து அப்படியே பயன்படுத்தினால் பெகோனியாக் கிழங்குக்கு அருமையான மெத்தை. மேலே அட்டைப்பெட்டியோ காகிதப் பையோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும். மூடிய பிளாஸ்டிக் மட்டும் கூடாது.

தோண்டாமல் தொட்டியோடு வைப்பதைச் சோம்பேறி வழி என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘நான்ஸ்டாப்’ போன்ற வகைகள் விதையிலிருந்து வளர்பவை. முதலாண்டில் அவற்றின் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான். அவ்வளவு சிறியதைத் தோண்டிக் காயவைத்தால் வற்றிப்போகும். காய்ந்த மண்ணிலேயே விட்டு, தொட்டியைக் குளிர்ந்த இருட்டில் சாய்த்துப் போடுவதே அதற்குப் பாதுகாப்பு. ஒரே பயம், மண்ணுக்குள் இருக்கும் விருந்தாளிகள். வைன் வீவில் எனும் கூன்வண்டின் புழு பிரிட்டனில் பெகோனியாத் தொட்டிகளின் முதல் எதிரி. வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, வளைந்து கிடக்கும். குளிர்காலம் முழுக்கக் கிழங்கைக் குடைந்து தின்னும். மாசியில் தொட்டியைக் கவிழ்த்தால் கிழங்கின் ஓடு மட்டும் இருக்கும். செப்டம்பர் வாக்கில், மண் சூடு 5 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே ஸ்டைனர்நீமா எனும் நன்மை செய்யும் நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது அங்கே வழக்கம்.

மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அழுகியதை எறிந்துவிட வேண்டும், மிகவும் சுருங்கியிருந்தால் பொதிமண்ணில் சில துளி நீர் தெளிக்கலாம். வேறு வேலை கிடையாது.

எழுப்பும் காலம் பிப்ரவரி இறுதி முதல் மார்ச் வரை. கடைசி உறைபனிக்கு எட்டுப் பத்து வாரம் முன்பு. 18 முதல் 21 டிகிரிச் சூட்டில், லேசான ஈரக் கலவையில், குழி மேலே பார்க்கக் கிழங்கைப் பாதி புதைத்து வைத்தால், குழிக்குள் குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் பருக்கள் தோன்றும். தண்ணீர் சுற்றிலும் ஊற்ற வேண்டும், குழிக்குள் அல்ல. வேர் கிழங்கின் மேல்தோளிலிருந்தும் விடும் என்பதால், முளை வந்த பிறகு மேலே கொஞ்சம் மண் மூடுவது நல்லது. இந்தக் கிழங்கு குட்டி போடாது. ஆண்டுக்கு ஆண்டு தானே பெருக்கும். நாலைந்து வயதானது சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்குப் போய்ப் பல தண்டுகள் விடும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையாவது இருக்குமாறு வெட்டிப் பிரிக்கலாம். கனடாவில் மே மாதத்து விக்டோரியா தின வாரம் வரையிலும், இங்கிலாந்தில் ஜூன் பிறக்கும் வரையிலும் வெளியே நட அவசரம் வேண்டாம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நடைபாதையோரங்களில் வரிசையாக நடும் மெழுகு பெகோனியாவுக்குக் கிழங்கு இல்லை, உறக்கமும் இல்லை. பகல் நீளம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகஸ்டில் தண்டு வெட்டி நட்டு யன்னலோரம் வைத்தால் குளிர்காலம் முழுக்கப் பூக்கும். செய்யலாம்தான், ஆனால் வசந்தத்தில் தட்டுத் தட்டாக மலிவாகக் கிடைக்கும் செடிக்கு யன்னலை ஆறு மாதம் அடகு வைப்பது அவசியமா என்று யோசிக்க வேண்டும். மூங்கில் மாதிரிக் கணுவோடு உயரும் வகைகளும், இலைக்காக வளர்க்கும் ரெக்ஸ் வகைகளும் வீட்டுக்குள் வரவேண்டியவை. ரெக்ஸ் 1850-களில் அசாமிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஹீட்டர் உலர்த்திய காற்றுத்தான் அதற்கு எமன், குளிர்கூட அப்புறம்தான். இலை ஓரம் கருகும், சில இலைகள் உதிரும். அதைக் கண்டு பயந்து தண்ணீரை அதிகமாக ஊற்றுவார்கள், மட்டத்தண்டு அழுகிவிடும். இலைமேல் தண்ணீர் தெளிப்பது சாம்பல் நோய்க்கு அழைப்பு. ஈரக் கூழாங்கல் தட்டின் மேல் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றினால் வசந்தத்தில் துளிர்த்துக்கொள்ளும்.

கடைகளில் டிசம்பர் மாதம் பூத்துக் குலுங்கும் எலாட்டியோர் பெகோனியாவின் கதை நேர்மாறானது. அதன் ஒரு மூதாதை அரபிக் கடலிலுள்ள சொகோத்ரா தீவிலிருந்து வந்தது. ஐசக் பேலி பால்ஃபர் 1880-இல் அங்கே போய் எடுத்துவந்தது. அந்தத் தீவில் கோடைதான் கொல்லும் காலம்; செடி கோடையில் சிறு குமிழ்களாக உறங்கிக் குளிர்காலத்தில் பூக்கிறது. கிழங்கு பெகோனியாவோடு அதைச் சேர்த்துப் பெற்ற பிள்ளைக்குத் தாயின் உறக்கமும் சரியாக வாய்க்கவில்லை, தந்தையின் உறக்கமும் வாய்க்கவில்லை. பூத்து முடிந்ததும் அதை வைத்துக் காப்பாற்ற முயல்வதைவிட, ரசித்துவிட்டு விடைகொடுப்பதே மேல்.

மண்ணிலேயே விட்டேன், முளைத்தது என்ற நாலாமவரிடம் இருப்பது கிராண்டிஸ். சீனாவிலும் ஜப்பானிலும் தோட்டச் செடியாகப் பழக்கப்பட்டது. குளிர் தாங்குவதில் இந்தக் குலத்தின் முதலிடம் இதற்குத்தான். இலையின் அடிப்பக்கம் சிவந்திருக்கும். இலையுதிர் காலத்தில் இலைக்கக்கங்களில் பயறு அளவில் குமிழ்கள் உண்டாகி உதிர்ந்து, அடுத்த ஆண்டு சுற்றிலும் குஞ்சு குஞ்சாக முளைக்கும். 1960-களிலும் 70-களிலும் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் குமிழ்களை வைத்து உறக்கத்தின் வேதியியலைத் தேடியபோது ஓர் ஆச்சரியம் கிடைத்தது. பெரும்பாலான தாவரங்களில் உறக்கத்தைக் கலைக்கும் ஜிபரலின் என்ற வளர்ச்சி ஊக்கி, இதில் உறக்கத்தை உண்டாக்கியது. அந்த உறக்கத்தைக் கலைப்பது நீண்ட குளிர். அதாவது குளிர்காலம் வேண்டும் என்று கேட்கும் பெகோனியா இது. இதை நட்டவருக்கு வேலை இரண்டுதான்: நவம்பரில் காய்ந்த சருகை ஒரு சாண் உயரத்துக்கு மூடுவது, மே இறுதிவரை முளை தெரியாவிட்டாலும் செத்துவிட்டது என்று மண்வெட்டியால் கொத்தாமல் இருப்பது. மிகவும் தாமதமாக எழும் செடி.

தமிழ்நாட்டு வாசகர் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சமவெளிக்கு உண்மையிலேயே தேவையில்லை. சென்னையிலோ மதுரையிலோ கிழங்கு பெகோனியா கோடை இரவுச் சூட்டில் நிற்காது. நர்சரிக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். அங்கே மெழுகு பெகோனியாவைக் காப்பாற்ற வேண்டியது சித்திரை வெயிலிலிருந்துதான். ஊட்டியும் கொடைக்கானலும் வேறு. அங்கே கிழங்கு பெகோனியா நன்றாக வரும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் விழும். ஆனால் இங்கிலாந்துப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, பகல் நீளம். ஊட்டியின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணிதான், லண்டனில் பதினாறரை. செடிக்குக் கிழங்கு வைக்கச் சொல்லும் அறிவிப்பு அங்கே ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே லண்டனில் போல அக்டோபர்வரை பூவை எதிர்பார்க்காமல், தழை மஞ்சளாகும் நேரத்தைச் செடியிடமே விட்டுவிட வேண்டும். இரண்டாவது, இன்னும் முக்கியமானது, வடகிழக்குப் பருவமழை. கிழங்கு காய வேண்டிய ஐப்பசி கார்த்திகையில்தான் கொடைக்கானலில் மழை கொட்டுகிறது. மலைவாசிகள் பெகோனியாவைப் பனிக்குப் பயந்து மூடுகிறார்கள். பயப்பட வேண்டியது அந்த மழைக்கு. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிட்டால் அங்கே முக்கால் வேலை முடிந்தது. வீட்டுக்குள் ஹீட்டர் இல்லாத மலைவீடு கிழங்குக்கு மிக நல்ல பெட்டகம்.

இவ்வளவு சிரமம் தேவையா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பெல்ஜியத்தில் கென்ட் நகரை ஒட்டிய வயல்களில் பெகோனியாக் கிழங்கு பெரிய பயிர். பிரஸ்ஸல்ஸ் பெருஞ்சதுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் விரிக்கும் பூக்கம்பளம் அந்த வயல்களால் வந்ததுதான். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரம் 1953 முதல் மார்ச் மாதத்தில் பெகோனியா விழா எடுக்கிறது. இன்னொரு பக்கம், கலிபோர்னியாவின் கேப்பிட்டோலாவில் ஓடை மேல் பூப்படகுகள் மிதந்த பெகோனியா விழா 2017-உடன் நின்றுபோனது. பூக்களைக் கொடுத்துவந்த கிழங்குப் பண்ணை தொழிலை விட்டதுதான் காரணம். பெயர் பெற்ற பழைய வகைகள் விதையால் அதே குணத்தோடு வருவதில்லை. கிழங்காலோ தண்டுத் துண்டாலோதான் அவை நீடிக்கின்றன. பண்ணை மூடினால், அந்த வகை வீட்டுத் தோட்டக்காரர்களின் அட்டைப்பெட்டிகளில் மட்டும்தான் இருக்கும்.

அதனால் மெழுகு பெகோனியாவையும் எலாட்டியோரையும் மனச்சங்கடமில்லாமல் விட்டுவிடலாம். கிழங்கை எறியாதீர்கள். எடுத்து வைக்கும் காகிதப் பையின் மேல் பெயரையும், பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாங்கிய ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள்; காய்ந்த பிறகு எல்லாக் கிழங்கும் ஒரே முகம்தான். நாலாம் ஆண்டில் பெருத்ததை இரண்டாக வெட்டும்போது ஒரு பாதியை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். உங்களுடையது ஒரு குளிர்காலத்தில் அழுகிப்போனால், திரும்பக் கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கும்.